பஞ்சுக்குச் சீப்பு

பனியன் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு தினுசு எடுத்துப் போடுகிறார். "இது சாதா, இது கோம்டு. கோம்டு கொஞ்சம் விலை கூட ஸார், ஆனால் தொட்டுப் பாருங்கள்" என்கிறார். தொட்டுப் பார்க்கிறேன். வித்தியாசம் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. அவர் முகத்துக்காகத் தலையை ஆட்டிவிட்டு, விலை கூடியதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கோம்டு என்பது ஏதோ கம்பெனியின் பெயர் என்றுதான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வாரியது, அதாவது சீப்பால் வாரிய பஞ்சில் நூற்ற நூல் என்று அதற்கு அர்த்தம் என்பதை ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இண்டர்மீடியட்டில் நான் படித்தது சரித்திரமும் தர்க்கமும். யந்திரத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற ஜாதி நான்.

நண்பர் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் மாஸ்டர். "கதை எழுதறவங்க இதையும் ஒருக்கா பாத்துட்டுப் போங்க" என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். நீண்ட மேஜை போன்ற யந்திரம். அதற்கு எட்டுத் தலை. ஒவ்வொரு தலையின் பின்னாலும், சுருட்டி வைத்த ஜமக்காளம் மாதிரி ஒரு பஞ்சுச் சுருள். முன்னால் சலங்கைத் துணி போல மெல்லிய பஞ்சுப் படலம் வழிந்து, குவிந்து, வடமாகித் தகர டப்பாவுக்குள் இறங்குகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஒரே பளபளப்பு, ஒரே நடுக்கம். நிமிஷத்துக்கு ஐந்நூறு தரம் வாருகிறதாம். ஐந்நூறு தரம் நடப்பதை மனிதக் கண் பார்க்க முடியுமா? என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்வதற்காக நிறுத்தியிருந்த இன்னொரு யந்திரத்தண்டை அழைத்துப் போனார். அங்கே வயதான பிட்டர் ஒருவர், எனக்காக அதைக் கையால் மெல்லச் சுற்றிக் காட்டினார்.

அப்போது பார்த்தேன். இரண்டு உதடுகள் போன்ற இடுக்கி ஒன்று பஞ்சுச் சுருளின் முனையைக் கவ்வியது. கவ்விய இடத்துக்கு வெளியே, குழந்தையின் நெற்றி முடிபோல ஒரு குஞ்சம் தொங்கியது. கீழேயிருந்து உருளை ஒன்று வந்தது. அதன் சுற்றில் ஒரு பகுதி முழுக்க வரிசை வரிசையாக ஊசிகள், மீதி வழவழப்பு. ஊசி வரிசைகள் குஞ்சத்தின் ஊடே புகுந்து போயின. முதல் வரிசை அகலப் பல், போகப்போக நெருக்கம், கடைசி வரிசை நம் வீட்டுப் பேன் சீப்பைவிட நெருக்கம். தூசும் குட்டை இழையும் ஊசிகளோடு போய்விட்டன. இனிமேல்தான் விஷயம். இதற்கு முன் வாரி அனுப்பிய பஞ்சு முன்னாலிருந்த உருளைகளில் போய்க்கொண்டிருந்தது அல்லவா? அந்த உருளைகள் நின்று, பின்பக்கமாகத் திரும்பி, போன பஞ்சின் வாலைக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்தன. புதுக் குஞ்சத்தின் தலை அந்த வாலின்மேல் படிந்தது. மேலேயிருந்து இன்னொரு சீப்பு இறங்கி நின்றது. உருளைகள் முன்னோக்கிச் சுழன்று குஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டு போயின. போகும்போது குஞ்சத்தின் பின்பாதி அந்த மேல் சீப்பின் வழியாக இழுபட்டு, அதுவும் வாரப்பட்டுவிட்டது.

"பின்னால வந்து, கையப் புடிச்சுக் கூட்டிட்டு முன்னால போவுதுங்க" என்றார் பிட்டர்.

இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. இந்தப் பின்னால் வருதலும் கைப்பிடித்தலும் யாருடைய யோசனை என்று தேடிப் போனதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

யோசனைக்காரர் ஜோஸுவே ஹைல்மான். 1796-ல் முலூஸ் நகரத்தில் பிறந்தவர். அல்சேஸ் பிரதேசத்து ஊரான முலூஸ் அப்போது பிரான்ஸோடுகூடச் சேரவில்லை. ஸ்விட்ஸர்லாந்துக்காரர்களோடு உறவாடிக்கொண்டு தனிக் குடியரசாக இருந்தது. 1798-ல்தான் சேர்ந்தது. பருத்தித் துணியும் அச்சடித்த சீட்டியும் அந்த ஊரின் உயிர். ஹைல்மான் வாரும் யந்திரத்துக்கு முன்னால் பூவேலை யந்திரம் ஒன்று செய்து பெயர் வாங்கினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

அவரைப்பற்றி உலகத்துக்குச் சொன்னவர் சாமுவேல் ஸ்மைல்ஸ். முயற்சி திருவினையாக்கும் என்பதையே புத்தகம் புத்தகமாக எழுதிய ஆங்கிலேயர். எங்கள் தகப்பனார் அலமாரியில்கூட அவருடைய 'செல்ப் ஹெல்ப்' இருந்தது, பயந்துகொண்டே படித்திருக்கிறேன். அவர் சொல்லும் கதை இது. ஹைல்மான் பஞ்சு வாரும் யந்திரம் செய்கிறேன் என்று இருந்த பணத்தையெல்லாம் கரைத்தார். கணவர் குடும்பத்தை அழித்துவிட்டார் என்ற எண்ணத்தோடேயே மனைவி கண்ணை மூடினாள். மான்செஸ்டருக்குப் போய்ப் பெரிய பட்டறையில் மாதிரி செய்து பார்த்தும் யந்திரம் ஓடவில்லை. மனமொடிந்து ஊர் திரும்பியவர், ஒரு நாள் சாயங்காலம் கணப்பருகே உட்கார்ந்திருந்தார். பெண்கள் நீண்ட கூந்தலை வாரி, விரல்களுக்கிடையே முழு நீளத்துக்கும் இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பளிச்சென்று யோசனை பிறந்தது. அல்பிரட் எல்மோர் என்ற ஓவியர் இந்தக் காட்சியைப் படமாகவே எழுதி 1862-ல் லண்டனில் ராயல் அகாடமியில் வைத்தார்.

கதை அழகாயிருக்கிறது. ஆனால் நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இவ்வளவு அழகாயிருக்கிற கதையைக் கண்டால் எனக்குத் தொழில்முறைச் சந்தேகம் வந்துவிடும். பெண்கள் தலை வாரவில்லை என்று சொல்ல வரவில்லை, வாரியிருப்பார்கள். கூந்தல் எவ்வளவு தூரத்துக்கு வழி காட்டியிருக்கும் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் பஞ்சை எதற்காக வார வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பருத்தி இழை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எல்லாம் ஒரே நீளமல்ல. கார்டிங் யந்திரம் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யுமே தவிர, நெட்டை குட்டை பார்க்காது. குட்டை இழைகள் நூலில் கலந்தால் பிடிப்பில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நூல் ரோமம் ரோமமாக இருக்கும், சீக்கிரம் அறும். மெல்லிய நூல் வேண்டுமானால் குட்டையைக் கழித்து, நெட்டையை நேராகப் படியவைத்தாக வேண்டும். அதற்காக நூற்றுக்கு 12 முதல் 20 பங்கு வரை பஞ்சைக் கழித்துவிடுகிறார்கள். கடைக்காரர் கூட வாங்குகிற விலையில் ஒரு பகுதி இதற்குத்தான்.

இந்தக் காரியத்தைக் கம்பளி விஷயத்தில் மனிதக் கைகள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தன. இங்கிலாந்தில் யார்க்ஷயர் ஜில்லாவில், பிராட்போர்டைச் சுற்றி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதுதான் சோறு. கைப்பிடி போட்ட இரும்புச் சீப்பு இரண்டு. பல் ஒவ்வொன்றும் ஆணி மாதிரி நீளம். ஒன்றைக் கம்பத்தில் பொருத்தி, எண்ணெய் தடவிய கம்பளியை அதன் பற்களில் மாட்டுவார்கள். மற்றதைக் கரி அடுப்பில் காய்ச்சிக் கையில் எடுப்பார்கள். முதலில் நுனியை மட்டும் வாருவார்கள். பிறகு கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே. நம் வீடுகளில் சிக்கு எடுக்கிற பாட்டிமார்கள் எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம்தான். அடியிலிருந்து வாரினால் குழந்தை அலறும், சிக்கும் இறுகும். ஒரு சீப்பிலிருந்து கம்பளி மற்றதுக்கு மாறும், மறுபடி இதற்கு வரும். கடைசியில் அந்த ஆள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, நீண்ட இழைகளை விரலால் மெல்ல மெல்ல இழுப்பான். முந்தின பிடியின் வாலோடு அடுத்த பிடியின் தலை சேரும்படி, அறாத ஒரே வடமாக இழுத்துவிடுவான். குட்டை இழைகள் பல்லிடுக்கிலேயே தங்கிவிடும்.

கவனியுங்கள். வாலோடு தலையைச் சேர்ப்பது அவன் விரலில் இருந்தது.

1789-லிருந்து யந்திரம் அவனைத் துரத்த ஆரம்பித்தது. எட்மண்ட் கார்ட்ரைட் ஒரு பாதிரியார். விசைத்தறியும் அவர் யோசனைதான். வாரும் யந்திரத்துக்கு அடுத்தடுத்துக் காப்புரிமைகள் எடுத்தார். அதில் கம்பளியை மாட்டுகிற பாகம் கையை ஓங்கி ஓங்கிக் குத்துவது போல் ஆடும். அந்தக் காலத்துக் குத்துச்சண்டை வீரர் ஒருவர் பெயரால் அதற்கு 'பிக் பென்' என்று நாமகரணமாயிற்று. தொழிலாளர்கள் பயந்துபோய் 1794-ல் பார்லிமெண்டுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் அனுப்பினார்கள். கார்ட்ரைட் தம் பக்கத்தில் சொன்ன பெருமை என்ன தெரியுமா? ஒரு மேற்பார்வையாளரும் பத்துக் குழந்தைகளும் இருந்தால் போதும், பன்னிரண்டு மணி நேரத்தில் 240 ராத்தல் கம்பளியை வாரிவிடலாம் என்பது! யந்திரத்தைத் தடுக்கும் மசோதா தோற்றது. ஆறுதலுக்காக அடுத்த வருஷம் வேறொரு சட்டம் வந்தது. கம்பளி வாருகிறவர்கள் இனி எந்த ஊரிலும் எந்தத் தொழிலும் செய்துகொள்ளலாமாம். சர்க்கார்களுக்கு எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரி நகைச்சுவை உணர்ச்சிதான்.

வேடிக்கை என்னவென்றால், பிக் பென் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. கையை மட்டும் பார்த்துச் செய்த யந்திரம் அது, விரலைப் பார்க்கவில்லை. முரட்டுக் கம்பளிக்குச் சுமாராக உதவியது, நயமான சரக்குக்குக் கையே வேண்டியிருந்தது. அதனால் இன்னும் அரை நூற்றாண்டு கைச்சீப்பு தப்பிப் பிழைத்தது.

தப்பிப் பிழைத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கம்பளி வாருகிறவர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. ஆர்மீனியாவின் செபாஸ்தே நகரத்து பிஷப்பாக இருந்த பிளேஸ் என்ற மகான். அவரைக் கொன்றவர்கள் இரும்புச் சீப்பால் உடம்பை வாரிச் சித்திரவதை செய்தார்களாம். அதனாலேயே சீப்புக்காரர்கள் அவரைத் தங்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 1825 பிப்ரவரி 3-ம் தேதி பிராட்போர்டில் அவருக்குப் பிரமாதமான ஊர்வலம். முதலாளிகள் குதிரைமேல், தொழிலாளர்கள் கம்பளித் தொப்பியோடு, வாத்தியங்களோடு. அதே வருஷம் ஜூன் மாதத்தில் அதே தொழிலாளர்கள், நெசவாளர்களையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 20,000 பேர், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 23 வாரம் தாக்குப் பிடித்தார்கள். நவம்பரில் ஒன்றும் கிடைக்காமல் வேலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவ்வளவு பெரிய பிளேஸ் திருவிழா நடக்கவில்லை. நடந்திருந்தால்தான் ஆச்சரியம்.

1845-ல் அவர்களே ஒரு கமிட்டி போட்டுத் தங்கள் வீடுகளை வீடு வீடாகப் பார்த்து எழுதினார்கள். படுக்கிற அறையிலேயே கரி அடுப்பு, அதே அறையில் வேலை, அதே அறையில் குழந்தைகள் தூக்கம், அதே புகை. அந்த அறிக்கையின் விவரங்களைப் படித்தபோது, கைத்தொழிலின் அழகைப்பற்றி நான் எப்போதோ எழுதிய சில வாக்கியங்கள் ஞாபகத்துக்கு வந்து கூச்சமாயிருந்தது.

அதே 1845-ம் வருஷக் கடைசியில்தான் ஹைல்மான் பிரான்ஸில் காப்புரிமை வாங்கினார்.

இப்போது கூந்தலுக்கு வருவோம். தலைமுடிக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதன் ஒரு முனையைத் தலை பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுமுனையை மட்டும் வாரினால் போதும். இடுக்கி கவ்வ, ஊசிகள் வார என்ற முதல் பாதிக்குக் கூந்தல் வழி காட்டியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். பஞ்சு இழைக்குத் தலை ஏது? இரண்டு பக்கமும் முனை. கவ்வியிருக்கிற முனையையும் வார வேண்டுமென்றால் கவ்வலை விட வேண்டும். விட்டால் இழை அநாதையாகிவிடும். அதற்கு முன் வேறு யாராவது மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துப் பிடுங்கினால் துண்டு துண்டாக, பஞ்சுக் குஞ்சங்கள் வருமே தவிர வடம் வராது. அந்தக் குஞ்சங்களை மறுபடி தொடுக்க வேண்டும், நிமிஷத்துக்குப் பல தடவை, ஒரு தடவைகூடத் தப்பாமல். இதற்கு எந்தப் பெண்ணின் கூந்தலும் பாடம் சொல்லாது. வாரும்போது கையோடு வந்துவிட்ட முடியை மறுபடி தலையில் தொடுக்கிற வழக்கம் எங்கும் கிடையாது!

என் அபிப்பிராயம், அவர் அதைத் தம் பூவேலை யந்திரத்தில் கற்றுக்கொண்டார் என்பது. 1820-களின் கடைசியில் செய்தது அது. அதிலே ஊசிக்குக் காது நடுவில். இரண்டு பக்கமும் கூர். துணிக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசைச் சிறு இடுக்கிகள், அந்தப் பக்கம் ஒரு வரிசை. இவை ஊசியைக் குத்திக் கொடுக்கும், அவை வாங்கி இழுக்கும். பிறகு அவை கொடுக்கும், இவை வாங்கும். ஒரே ஆள் 130 ஊசிகளை ஓட்டினான். ஒரு கை விடுவதற்கு முன் மறு கை பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் வருஷக்கணக்கில் அவர் விரல் நுனியில் இருந்திருக்கிறது. இரண்டு முனையுள்ள ஊசியிலிருந்து இரண்டு முனையுள்ள இழைக்கு வருவது அவ்வளவு தூரமில்லை. ஆனால் இதைப் படமாக எழுதினால் ராயல் அகாடமியில் யார் பார்ப்பார்கள்? கூந்தல்தான் அழகு.

யந்திரம் ஓடியது. லங்காஷயரில் ஆறு நூற்பாலைக்காரர்கள் சேர்ந்து பருத்திக்கான உரிமையை 30,000 பவுனுக்கு வாங்கினார்கள் என்றும், கம்பளிக்கு அதே தொகை, சணல் வகையான லினனுக்கு 20,000 பவுன் என்றும் ஸ்மைல்ஸ் கணக்குச் சொல்கிறார். பணம் வந்தது, அனுபவிக்க ஆயுள் இல்லை. 1848-ல் ஹைல்மான் இறந்துபோனார். வயது 52.

கம்பளிக்கான அந்த 30,000 பவுனில் ஒரு கதை இருக்கிறது. ஸ்மைல்ஸ் அதில் தங்கவில்லை. பிராட்போர்டில் சாமுவேல் கன்லிப் லிஸ்டர் என்ற ஆலை முதலாளி, டானிஸ்தார்ப் என்ற யந்திர வல்லுநரைச் சேர்த்துக்கொண்டு, தாமும் கவ்வி வாரும் யந்திரம் ஒன்று கட்டியிருந்தார். ஹைல்மான் உரிமையை வைத்திருந்தவர்கள் 1852-ல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். லிஸ்டர் என்ன செய்தார்? தோற்றவர் ஹைல்மானின் கம்பளி உரிமையை விலைக்கே வாங்கிவிட்டார். வாங்கியது ஓட்டுவதற்கல்ல, வேறு யாரும் ஓட்டாமல் இருப்பதற்கு. தம்முடைய யந்திரத்தை விற்றார். செய்ய 200 பவுன் ஆகிற யந்திரம் 1,200 பவுன் என்று விற்றது. மிச்சம் ஆயிரமும் காப்புரிமைக்கு! நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால் மிகை என்பார்கள்.

கைச்சீப்புக்காரர்களோ அந்தப் பத்து வருஷத்திலேயே துடைத்துக்கொண்டு போனார்கள். பிக் பென்னுக்கு முன்னால் அரை நூற்றாண்டு நின்றவர்கள், இடுக்கியும் விரலும் உள்ள யந்திரங்களுக்கு முன்னால் நிற்கவில்லை. 1850-கள் முடிவதற்குள் பிராட்போர்டில் அது ஒரு தொழிலாகவே இல்லை. கப்பலேறினவர்கள் உண்டு, ஆலைக்குள் கூலியானவர்கள் உண்டு. வாரும் யந்திரத்தைப்பற்றிய புத்தகங்களில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு பத்தி. பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில், யந்திரம் வருவதற்கு முந்தின இருட்டை விளக்குவதற்காக.

லிஸ்டர் பிரபுவானார். மாஷம் பிரபு என்று பட்டம். 1890 கடைசியில் அவருடைய ஆலையில் கூலிக் குறைப்பினால் ஆரம்பமாகி மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம், இங்கிலாந்தின் தொழிலாளர் அரசியலில் ஒரு திருப்பம். 1893-ல் சுயேச்சைத் தொழிற்கட்சி அதே பிராட்போர்டில்தான் பிறந்தது. கிழவனார் தம் அந்தியகாலத்தில் ஊருக்கு ஒரு பெரிய மண்டபம் கட்டப் பணம் கொடுத்தார். 1904-ல் திறந்தார்கள். ஹைல்மான் பெயரை வைக்கவில்லை. கார்ட்ரைட் மண்டபம் என்று பெயர், ஓடாத பிக் பென்னைச் செய்த பாதிரியார் நினைவாக. கார்ட்ரைட் யோக்கியர்தான், கௌரவத்துக்கு உரியவர்தான். இருந்தாலும் வழக்குப் போட்டு ஜெயிக்காதவரை கௌரவிப்பது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பருத்தியில் யந்திரம் மெல்ல மெல்லத் திருந்தியது. ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு நூறு கவ்வலைத் தொடவில்லை. 1900-க்குப் பின் மான்செஸ்டர்க்காரரான நேஸ்மித் கனமான சுருளை ஊட்டவும், கழிவின் அளவைச் சுலபமாக மாற்றவும் வழி செய்தார். 1949-ல் மார்ட்டன், சம்மர்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், சாயம் தோய்த்த சில இழைகளைக் கலந்துவிட்டுப் பின்தொடர்ந்து, வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். கார்டிங்கிலிருந்து வருகிற இழைகளில் பெரும்பாலானவற்றின் வால் கொக்கிபோல் மடிந்திருக்கிறது! வாரும் சீப்பு முன்முனைக் கொக்கியைத்தான் நன்றாக நிமிர்த்தும். வாலில் கொக்கி இருந்தால் நல்ல இழையைக்கூடக் குட்டை என்று நினைத்துக் கழித்துவிடும். பஞ்சு ஒவ்வொரு யந்திரத்தையும் கடந்து டப்பாவிலோ சுருளிலோ சேர்ந்து அடுத்ததற்குப் போகும்போது, தலை வாலாகிறது, வால் தலையாகிறது. ஆகவே கார்டிங்குக்கும் சீப்புக்கும் நடுவே இரட்டைப்படையாக யந்திரங்கள் இருக்க வேண்டும். நண்பரின் ஆலையிலும் எண்ணிப் பார்த்தேன், இரண்டு இருந்தன.

"ஒண்ணக் கொறைச்சா என்னாகுங்க?" என்று பிட்டரைக் கேட்டேன்.

"நல்ல பஞ்செல்லாம் கழிவுல போயிருமுங்க. மொதலாளி நம்மளக் கழிச்சிருவாரு" என்று சிரித்தார்.

கழிவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமென்றேன். யந்திரத்தின் அடியிலிருந்து குழாய் வழியாகக் காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போய்ப் பின்கட்டில் சேர்க்கிறது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் பூப்போல இருக்கிறது. கழிவு என்று சொல்ல மனம் வரவில்லை. நீளம் போதவில்லை, அவ்வளவுதான். முரட்டு நூல் நூற்க வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரூபாய் நோட்டு அடிக்கிற காகிதம் பருத்திக் காகிதம் அல்லவா, அதற்கும் இது நல்ல சரக்காம். நெட்டை இழையெல்லாம் பனியனாகிறது, குட்டை இழை அதை வாங்குகிற நோட்டாகிறது. வரும்போது பேல் கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் சட்டை வெளுப்புக்குப் போய்விட்டது, அதையும் சேர்த்து.